டப்பா செய்து கோடீசுவரர் ஆனவர்!

எர்ல் டப்பரின் வாழ்க்கைக் கதை

இரவுச் சாப்பாடு முடிந்தது. சாம்பார் கொஞ்சம் மிச்சம். அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஊற்றுகிறோம். மூடியை வைத்து நடுவில் அழுத்துகிறோம். "புஸ்" என்று ஒரு சின்னச் சத்தம் வருகிறது. டப்பாவைப் பிரிட்ஜில் வைத்துவிட்டுத் தூங்கப் போகிறோம்.

அந்தச் சின்னச் சத்தத்துக்குப் பின்னால் ஒரு மனிதரின் கதை இருக்கிறது.

அவர் பெரிய படிப்புப் படித்தவர் அல்ல. மரங்களுக்கு வைத்தியம் பார்த்துப் பிழைத்தவர். தொழில் நொடித்துத் திவாலானவர். பிறகு ஒரு டப்பாவுக்கு நல்ல மூடி செய்தார். அந்த மூடி அவரைக் கோடீசுவரர் ஆக்கியது.

அவர் பெயர் எர்ல் சைலஸ் டப்பர். டப்பர்வேர் டப்பாக்களைக் கண்டுபிடித்தவர் அவர்தான். நம் ஊர் டப்பா என்ற சொல்லுக்கும் அவருடைய பெயருக்கும் சம்பந்தம் இல்லை. ஓசை மட்டும் ஒத்துப் போகிறது!

விவசாயி மகன்

அமெரிக்காவின் வடகிழக்கில் நியூ ஹாம்ப்ஷயர் என்று ஒரு மாநிலம். அங்கே பெர்லின் என்ற சிறு நகரில், 1907-ம் ஆண்டு ஜூலை மாதம் 28-ந் தேதி டப்பர் பிறந்தார்.

தந்தை ஒரு விவசாயி. கொஞ்சம் நிலமும், செடி வளர்க்கும் கண்ணாடிக் கொட்டகைகளும் இருந்தன. வருமானம் குறைவு. தாய் பிறருடைய துணிகளை வெளுத்துக் கொடுத்தார். வீட்டிலே ஆட்களைத் தங்க வைத்துச் சமைத்துப் போட்டும் சம்பாதித்தார்.

தந்தைக்கு ஒரு பழக்கம். கையில் கிடைத்ததை வைத்து ஏதாவது கருவி செய்து பார்ப்பார். கோழியைச் சுத்தம் செய்வதற்கு ஒரு சட்டம் செய்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கினார். அந்தப் புத்தி மகனுக்கும் வந்தது.

மகனிடம் வியாபாரத் திறமையும் இருந்தது. பத்து வயதிலேயே டப்பர் ஒன்றைத் தெரிந்துகொண்டார். காய்கறியை வைத்துக்கொண்டு ஆள் வருவார் என்று காத்திருந்தால் கொஞ்சம்தான் விற்கும். வீடு வீடாக எடுத்துப் போனால் நிறைய விற்கும். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பல வருடங்களுக்குப் பிறகு இதே பாடத்தை அவர் இன்னொருவரிடம் மறுபடியும் கற்க வேண்டியிருந்தது.

மர வைத்தியர்

1925-ம் ஆண்டு டப்பர் உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடித்தார். கல்லூரிக்குப் போகவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் குடும்பத்துக்குச் சொந்தமான செடிக் கொட்டகைகளில் வேலை பார்த்தார். தபால் பிரிக்கும் குமாஸ்தாவாக இருந்தார். ரெயில் பாதையில் கூலி வேலையும் செய்தார்.

முப்பது வயதுக்குள் பத்து லட்சம் டாலர் சேர்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை.

மரங்களுக்கு வைத்தியம் செய்யும் கலையைக் கற்றார். நோய் பிடித்த கிளைகளை வெட்டுவது, பொந்துகளை அடைப்பது, தோட்டம் அமைப்பது ஆகியவைதான் அந்தத் தொழில். சொந்தமாக ஒரு கம்பெனியும் ஆரம்பித்தார். 1931-ம் ஆண்டு அவருக்குக் கல்யாணம் ஆயிற்று.

அது அமெரிக்காவில் பெரும் பணமுடை ஏற்பட்ட காலம். 1929-ம் ஆண்டு பங்கு மார்க்கெட் விழுந்தது. பாங்குகள் மூடின. வேலையில்லாதவர்கள் தெருவில் நின்றார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாத போது மரத்துக்கு வைத்தியம் செய்ய யார் பணம் கொடுப்பார்கள்? 1936-ம் ஆண்டு டப்பரின் கம்பெனி திவாலாயிற்று.

பகலில் மரம் ஏறியவர், இரவில் நோட்டுப் புத்தகத்தில் படம் வரைந்துகொண்டிருந்தார். உருகினாலும் கையில் ஒழுகாத ஐஸ்கிரீம் கோன், மீன் இழுத்துச் செல்லும் படகு என்று என்னென்னவோ வரைந்தார். ஒன்றும் பணம் தரவில்லை. ஆனால் வரைவதை அவர் நிறுத்தவில்லை.

பிளாஸ்டிக் பள்ளிக்கூடம்

தொழில் போன பிறகு, டூபாண்ட் என்ற பெரிய ரசாயனக் கம்பெனியின் பிளாஸ்டிக் பிரிவில் டப்பருக்கு வேலை கிடைத்தது. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லெமின்ஸ்டர் என்ற ஊர், சீப்புத் தொழிலுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பேர் போனது. அங்கேதான் வேலை.

ஒரு வருடம்தான் அங்கே இருந்தார். அந்த ஒரு வருடமே தம்முடைய உண்மையான படிப்பு என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. அச்சில் பிளாஸ்டிக்கை எப்படி வார்ப்பது, எவ்வளவு சூடு வேண்டும், எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதெல்லாம் அங்கே தெரிந்துகொண்டார்.

1938-ம் ஆண்டு சொந்தக் கம்பெனி ஆரம்பித்தார். இரண்டாம் உலக யுத்தம் வந்தது. விஷவாயு முகமூடிக்கான பாகங்களும், கடற்படையின் சைகை விளக்குக்கான பாகங்களும் செய்து கொடுத்தார்.

அப்போதெல்லாம் பிளாஸ்டிக் என்றால் மக்களுக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. கீழே விழுந்தால் உடையும். நாற்றம் அடிக்கும். தொட்டால் பிசுபிசுக்கும். சாப்பாட்டை அதில் வைக்க யாருக்கும் மனம் வராது.

கறுப்புக் கட்டி

பாலிஎத்திலீன் என்ற ஒரு பொருள் 1933-ம் ஆண்டு இங்கிலாந்தில் தற்செயலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. வேறு எதையோ ஆராய்ந்துகொண்டிருந்த ரசாயன நிபுணர்களின் பாத்திரத்தில், மெழுகு போல வெள்ளையாக ஒன்று படிந்து கிடந்தது. அதுதான் பாலிஎத்திலீன். யுத்த காலத்தில் ராடார் கருவிகளின் மின்சார வயர்களுக்கு மேலுறையாக அது பயன்பட்டது.

யுத்தம் முடிந்தது. டப்பர் டூபாண்டிடம் போய், மிச்சம் மீதியாகக் கிடக்கும் பிளாஸ்டிக் ஏதாவது உண்டா என்று கேட்டார் என்பார்கள். அவருக்குக் கிடைத்தது கறுப்பான, நாற்றம் பிடித்த ஒரு கட்டி. பாலிஎத்திலீன் கசடு அது. யாருக்கும் வேண்டாத கழிவு.

டப்பர் அதை விடவில்லை. மாதக் கணக்கில் முயன்றார். அழுக்கை நீக்கினார். சூட்டை மாற்றினார். அழுத்தத்தை மாற்றினார். முடிவில் பால் போல வெளுத்த, அழகான ஒரு பிளாஸ்டிக் வந்தது. வளைத்தால் வளைந்தது. விட்டால் பழைய உருவத்துக்கு வந்தது. கீழே போட்டால் உடையவில்லை. நாற்றமும் இல்லை. அதில் கிண்ணங்களும் தம்ளர்களும் வார்த்தார்.

பெயிண்ட் டப்பா கொடுத்த யோசனை

கிண்ணம் கிடைத்துவிட்டது. மூடி வேண்டுமே!

அமெரிக்க வீடுகளில் அப்போது பிரிட்ஜ் பரவிக்கொண்டிருந்தது. அதில் ஒரு தொல்லை இருந்தது. பிரிட்ஜின் உள்ளே இருக்கும் காற்று வறண்ட காற்று. திறந்து வைத்த பண்டத்தின் ஈரத்தை அது உறிஞ்சிவிடும். கீரை வாடும். ரொட்டி காயும். வெங்காய வாசனை வெண்ணெயில் ஏறும். பெண்கள் கிண்ணத்தின் மேல் தட்டைக் கவிழ்த்தார்கள். மெழுகுத் தாளைச் சுற்றினார்கள். ஒன்றும் சரியாக மூடவில்லை.

டப்பர் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தார். அதன் மூடியை அழுத்தினால் சுற்றிலும் கவ்விக்கொள்ளும். சொட்டுப் பெயிண்டும் ஒழுகாது. அந்த அமைப்பைத் தலைகீழாக மாற்றி, வளையும் பிளாஸ்டிக்கில் செய்து பார்த்தார். மூடியின் ஓரத்தில் ஒரு பள்ளம். கிண்ணத்தின் விளிம்பு அந்தப் பள்ளத்தில் போய்ப் பொருந்தும்.

மூடியை நடுவில் அழுத்திக்கொண்டு, ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினால் உள்ளே இருக்கும் காற்று புஸ் என்று வெளியே போகும். பிறகு ஓரத்தை அழுத்த வேண்டும். உள்ளே காற்று குறைந்துவிட்டது. வெளியே இருக்கும் காற்று மூடியைக் கீழே அழுத்திப் பிடித்துக்கொள்ளும். டப்பாவைக் கவிழ்த்தாலும் தண்ணீர் கொட்டாது. 1946-ம் ஆண்டு வாக்கில் இந்தக் கிண்ணங்கள் கடைக்கு வந்தன.

டப்பர் செய்தது மூடிதான். ஆனால் அந்த மூடிக்குள் ஒரு சூட்சுமம் இருந்தது.

கடையில் தூங்கிய டப்பா

பத்திரிகைகள் புகழ்ந்தன. பொருளின் அழகைப் பார்த்து நியூயார்க்கின் நவீனக் கலைக் காட்சிசாலை அதைத் தன் சேகரிப்பில் வைத்தது. நியூயார்க்கில் டப்பர் பெரிய கடையும் வைத்தார்.

ஆனால் டப்பா விற்கவில்லை!

ஏன் என்று கேட்டால் காரணம் மிகச் சாதாரணமானது. கடைக்கு வந்த பெண்கள் கிண்ணத்தை எடுத்துப் பார்த்தார்கள். மூடியைச் சும்மா மேலே வைத்தார்கள். அது பொருந்தவில்லை. அழுத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியாது. சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லை. வாங்கிப் போன சிலர், மூடி சரியில்லை என்று திருப்பிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

உலகத்திலேயே நல்ல மூடி. ஆனால் மூடத் தெரியவில்லை. அதனால் அது அலமாரியில் தூசி படிந்து தூங்கியது.

ஒரு தாய் வந்தார்

இந்த நேரத்தில் கதைக்குள் ஒரு பெண்மணி வருகிறார். பிரௌனி வைஸ் அம்மையார் என்று பெயர். 1913-ம் ஆண்டு ஜார்ஜியா மாநிலத்தில் பிறந்தவர். கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்றவர். ஒரே மகனைத் தனியாக வளர்த்துக்கொண்டிருந்தார். டெட்ராய்ட் நகரப் பக்கம் ஒரு கம்பெனியில் காரியதரிசி வேலை. அதில் கிடைத்த சம்பளம் போதவில்லை. எனவே வீட்டுச் சாமான்களை வீடு வீடாக விற்கும் வேலையையும் எடுத்துக்கொண்டார்.

ஒரு நாள் டப்பரின் கிண்ணம் அவர் கைக்கு வந்தது. மூடி எப்படிப் பொருந்துகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவருக்கும் சில நாட்கள் ஆயின. கண்டுபிடித்ததும் அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இது கடையில் வைத்து விற்கும் பொருள் அல்ல. செய்து காட்டி விற்க வேண்டிய பொருள்!

1950-ம் ஆண்டு அவர் தாயையும் மகனையும் அழைத்துக்கொண்டு புளோரிடா மாநிலத்துக்குக் குடிபோனார். அங்கே இந்த முறையைப் பெரிதாக நடத்தினார்.

ஒரு வீட்டில் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடுவார்கள். காப்பி, பலகாரம் உண்டு. விளையாட்டும் சிரிப்பும் உண்டு. நடுவில் அம்மையார் ஒரு கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி மூடுவார். காற்றை வெளியேற்றுவார். பிறகு அதை அறைக்குக் குறுக்கே தூக்கி எறிவார்! எல்லோரும் ஐயோ என்று எழுந்திருப்பார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரும் சிந்தியிருக்காது. பிறகு ஒவ்வொருவர் கையிலும் கிண்ணத்தைக் கொடுத்து, மூடியை அழுத்திப் பார்க்கச் சொல்வார். கை பழகியதும் எல்லோரும் வாங்கிக்கொண்டு போவார்கள்.

வீட்டைக் கொடுத்த பெண்ணுக்குப் பரிசு. விற்ற பெண்ணுக்குக் கமிஷன். வந்த பெண்களில் ஒருத்தி அடுத்த வாரம் தன் வீட்டில் விருந்து நடத்துவாள். ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கு ஏற்றுவது போலப் பரவியது.

போனில் பிறந்த உறவு

கம்பெனியிலிருந்து சரக்கு சரியாக வரவில்லை. கேட்ட கிண்ணங்கள் நேரத்துக்கு வந்து சேரவில்லை. அம்மையார் பொறுமை இழந்தார். 1951-ம் ஆண்டு நேராகக் கம்பெனிக்கே போன் செய்து சண்டை போட்டார். போனைக் கையில் எடுத்தவர் முதலாளி டப்பர்!

டப்பர் கோபித்துக்கொள்ளவில்லை. பெரிய கடைகளால் விற்க முடியாத சரக்கை இந்தப் பெண் எப்படி இவ்வளவு விற்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். பத்து வயதில் வீடு வீடாகக் காய்கறி விற்றது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

அந்த ஆண்டே துணிச்சலான முடிவு ஒன்றை எடுத்தார். கடைகளிலிருந்து சரக்கு முழுவதையும் திரும்ப எடுத்துக்கொண்டார். இனி வீட்டு விருந்துகளில் மட்டுமே விற்பனை. அதற்குத் தலைமை பிரௌனி வைஸ் அம்மையார். அவரை உதவித் தலைவர் ஆக்கினார்.

புளோரிடாவில் கிஸ்ஸிம்மி என்ற ஊரில் பெரிய தலைமையகம் எழுந்தது. ஆயிரக்கணக்கான குடும்பப் பெண்கள் டப்பர்வேர் விற்றுத் தங்கள் கையில் சொந்தப் பணத்தைப் பார்த்தார்கள். யுத்த காலத்தில் தொழிற்சாலைக்குப் போன பெண்களை, யுத்தம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்ட காலம் அது. வீட்டில் இருந்தபடியே சம்பாதிக்க இந்த டப்பா வழி செய்தது.

1954-ம் ஆண்டு அமெரிக்காவின் பெரிய வியாபாரப் பத்திரிகை ஒன்று அம்மையாரின் படத்தை அட்டையில் போட்டது. அந்தப் பத்திரிகையின் அட்டையில் ஒரு பெண்ணின் படம் வந்தது அதுதான் முதல் தடவை.

பிரிவு

டப்பர் கூச்சம் உள்ளவர். கூட்டத்தில் பேசமாட்டார். போட்டோ எடுக்க விடமாட்டார். தொழிற்சாலையும் அச்சுகளுமே அவருடைய உலகம். அம்மையாரோ மேடையில் நின்றால் ஆயிரம் பேரும் கைதட்டுவார்கள். கொஞ்ச காலத்தில் டப்பர்வேர் என்றால் ஊருக்கு அம்மையாரின் முகம்தான் தெரிந்தது.

இருவருக்கும் மனஸ்தாபம் வளர்ந்தது. செலவு அதிகம் என்று டப்பர் நினைத்தார். தம் யோசனைக்கு மதிப்பில்லை என்று அம்மையார் நினைத்தார். கம்பெனியை விற்றுவிடும் எண்ணமும் டப்பருக்கு வந்திருந்தது.

1958-ம் ஆண்டு ஜனவரி மாதம் டப்பர், அம்மையாரை வேலையிலிருந்து நீக்கினார்.

கம்பெனியில் அம்மையாருக்கு ஒரு பங்குகூட இல்லை. குடியிருந்த பங்களாவும் கம்பெனிக்குச் சொந்தம். வழக்குப் போட்ட பிறகு அவருக்குக் கிடைத்தது சுமார் 30 ஆயிரம் டாலர். ஏறக்குறைய ஒரு வருடச் சம்பளம்.

அதே ஆண்டில் டப்பர் கம்பெனியை ரெக்சால் என்ற மருந்துக் கம்பெனிக்கு விற்றார். விலை சுமார் 1 கோடியே 60 லட்சம் டாலர்!

கணக்குப் போட்டுப் பாருங்கள். மூடியைச் செய்தவருக்கு 1 கோடியே 60 லட்சம். அந்த மூடியை மூடக் கற்றுக் கொடுத்தவருக்கு 30 ஆயிரம். டப்பர் வாழ்க்கையில் துடைக்க முடியாத கறை இது. காற்றுக்கூடப் போகாதபடி மூடி செய்யத் தெரிந்தவருக்கு, கையிலிருப்பதைப் பங்கிட்டுக் கொடுக்கத் தெரியவில்லை.

தூர தேசத்தில் முடிவு

கம்பெனியை விற்ற பிறகு டப்பர் மனைவியை விவாகரத்து செய்தார். மத்திய அமெரிக்காவில் ஒரு தீவை விலைக்கு வாங்கினார். வரித் தொல்லையிலிருந்து தப்ப அமெரிக்கக் குடியுரிமையையே விட்டுவிட்டார். கோஸ்டா ரிகா நாட்டில் போய்க் குடியேறினார். கடைசி வரையில் நோட்டுப் புத்தகத்தில் புதுப்புதுச் சாமான்களின் படம் வரைந்துகொண்டே இருந்தார்.

1983-ம் ஆண்டு அக்டோபர் மாதம், 76-வது வயதில் அங்கேயே காலமானார். பனாமா நகரில் வெப்பமண்டலக் காடுகளையும் உயிரினங்களையும் ஆராயும் ஒரு நிலையத்தின் கட்டடம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரௌனி வைஸ் அம்மையார் கிஸ்ஸிம்மியிலேயே வாழ்ந்தார். அழகு சாதனங்களை விருந்து முறையில் விற்றுப் பார்த்தார். பழைய வெற்றி வரவில்லை. 1992-ம் ஆண்டு காலமானார். கம்பெனி வரலாற்றில் அவர் பெயர் வெகு காலம் மறைந்து கிடந்தது. பின்னால் வந்த புத்தகங்களும் படங்களும்தான் அதை மீட்டுக் கொடுத்தன.

டப்பர்வேர் நம் நாட்டுக்கு 1996-ம் ஆண்டு வந்தது. இங்கேயும் வீட்டுப் பெண்கள் கூடிப் பேசித்தான் அதை வாங்கினார்கள். காலம் மாறியது. அதே மாதிரி டப்பாக்களைக் குறைந்த விலையில் பலரும் செய்தார்கள். 2022-ம் ஆண்டு டப்பர்வேர் அமெரிக்காவின் பெரிய கடைகளுக்குத் திரும்பிப் போனது. 2024-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் கடன் தாங்காமல் திவால் மனு கொடுத்தது. பிறகு கடன் கொடுத்தவர்களின் கைக்கு மாறியது.

குளிருக்குப் பிறந்த டப்பா

கம்பெனிகள் வரும், போகும். டப்பா நம் வீட்டில் இருக்கிறது. இன்று அதைப் பிரிட்ஜில் மட்டும் நாம் வைப்பதில்லை. உறைய வைக்கும் பிரீசரிலும் வைக்கிறோம். மைக்ரோவேவ் அடுப்பிலும் தள்ளிவிடுகிறோம். இங்கேதான் கவனம் வேண்டும்.

டப்பர் செய்த பாலிஎத்திலீன் டப்பா குளிருக்காகப் பிறந்தது. கடுங்குளிரிலும் அது வளையுமே தவிர, கண்ணாடி போல வெடிக்காது. பிரீசருக்கு நல்ல துணை.

ஆனாலும் சில முறைகள் உண்டு. சமைத்த பண்டத்தைக் கொதிக்கக் கொதிக்க டப்பாவில் போட்டு மூடக்கூடாது. சூடு தணிய வேண்டும். அதற்காக மணிக்கணக்கில் வெளியே வைத்திருக்கவும் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். சாதத்தை இன்னும் சீக்கிரம் வைப்பது நல்லது. வெளியே கிடந்த சாதத்தில் வளரும் ஒரு கிருமியின் விஷம், திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

தண்ணீர் உறையும்போது நூற்றுக்கு 9 பங்கு பெருக்கும். எனவே ரசம், சாம்பார் போன்றவற்றை டப்பாவின் விளிம்பு வரை ஊற்றக்கூடாது. ஒரு விரல் அளவு இடம் விட வேண்டும். இல்லாவிட்டால் மூடி தானே திறந்துகொள்ளும். பெரிய டப்பாவில் மொத்தமாக வைப்பதைவிட, ஒரு வேளைக்கு ஒரு சின்ன டப்பாவாக வைப்பது புத்திசாலித்தனம். சீக்கிரம் உறையும். சீக்கிரம் இளகும். மேலே தேதி எழுதி ஒட்டலாம். உறைந்ததை முதல் நாள் இரவே பிரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றினால் காலையில் இளகிவிடும். இளகியதைத் திரும்ப உறைய வைப்பது நல்லதல்ல.

சூட்டுக்கு வேறு பாத்திரம்

மைக்ரோவேவ் அடுப்பும் டப்பரின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்ததுதான்! பெர்சி ஸ்பென்சர் என்ற இன்ஜினீயர் ராடார் கருவி பக்கத்தில் நின்றார். சட்டைப் பையில் இருந்த மிட்டாய் உருகியது. 1945-ம் ஆண்டு அதிலிருந்து அடுப்பு யோசனை பிறந்தது. முதலில் வந்த அடுப்பு ஓர் ஆள் உயரம். சுமார் 340 கிலோ எடை! சமையல் மேடையில் வைக்கும் சின்ன அடுப்பு 1967-ம் ஆண்டுதான் அமெரிக்க வீடுகளுக்கு வந்தது. அதற்கு முன்பே டப்பர் கம்பெனியை விற்றுவிட்டார். ஆகவே, மைக்ரோவேவ் அடுப்பை நினைத்து அவர் டப்பா செய்யவில்லை.

இந்த அடுப்பின் அலைகள் உணவில் உள்ள தண்ணீரைச் சூடாக்குகின்றன. அந்தச் சூடு டப்பாவில் ஏறுகிறது. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். எண்ணெயும் சர்க்கரையும் அதற்கு மேலும் சூடேறும். மெல்லிய பாலிஎத்திலீனோ 110 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். குழம்பின் எண்ணெய் பட்ட இடத்தில் டப்பா சொரசொரப்பாகி மஞ்சள் கறை பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். சூடான பிளாஸ்டிக்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத துகள்கள் உணவில் கலக்கின்றன என்றும் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

பாலிபுரோப்பிலீன் என்று இன்னொரு பிளாஸ்டிக் உண்டு. அது 160 டிகிரி வரை உருகாது. டப்பாவின் அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்டிருந்தால் அது பாலிபுரோப்பிலீன். 2 அல்லது 4 என்று இருந்தால் பாலிஎத்திலீன். எண்ணை மட்டும் நம்பவும் கூடாது. மைக்ரோவேவ் அடுப்புக்கு ஏற்றது என்ற குறியும் டப்பாவில் இருக்க வேண்டும். வெடிப்பு விட்ட பழைய டப்பாவை அடுப்பில் வைக்கவே வேண்டாம்.

எல்லாவற்றிலும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. டப்பாவில் குளிர வையுங்கள். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரத்துக்கு மாற்றிச் சூடாக்குங்கள். எவர்சில்வர் பாத்திரம் இந்த அடுப்புக்கு ஆகாது. இறுக மூடிச் சூடாக்கினால் ஆவி முட்டி மூடி தெறிக்கும். எனவே மூடியைத் தளர்த்தி வைக்க வேண்டும். இந்த அடுப்பில் ஒரு பக்கம் கொதிக்கும், ஒரு பக்கம் சில்லென்று இருக்கும். ஆகவே நடுவில் ஒரு தடவை எடுத்துக் கிளற வேண்டும். உள்ளேயும் ஆவி பறக்கும் வரை சூடாக்க வேண்டும்.

கற்றுக் கொடுத்த கை

1946-ம் ஆண்டு டப்பா கடையில் தூங்கியது. காரணம் டப்பாவின் குறை அல்ல. அதை எப்படி மூடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் செய்து காட்டிய பிறகுதான் அது உயிர் பெற்றது.

இன்றும் அதே கதைதான். எந்த டப்பாவைக் குளிரில் வைக்கலாம், எதைச் சூட்டில் வைக்கலாம் என்று தெரிந்தவர்கள், தெரியாதவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். மாமியார் மருமகளுக்குச் சொல்லலாம். மகள் தாய்க்கும் சொல்லலாம்.

அடுத்த தடவை மூடியை அழுத்தும்போது அந்தப் புஸ் என்ற சத்தம் காதில் விழும். மூடி செய்த டப்பரை நினைத்துக்கொள்ளுங்கள். அதோடு, கிண்ணத்தைத் தூக்கி எறிந்து காட்டிய அந்த அம்மையாரையும் மறந்துவிடாதீர்கள்!